காலியாக விட்ட கட்டத்தில் கவிதாவின் பெயர்

என் பெயர் மெர்சி. நீலசந்திராவில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்தச் சபையில் எத்தனையோ பேர் எழுந்து நின்று தங்கள் சாட்சியைச் சொல்ல, கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். என் முறை வந்தபோதெல்லாம் பின்வாங்கிவிட்டேன். காரணம், என் சாட்சியின் முதல் பாதி என்னுடைய தவறு. அதை மறைத்துவிட்டு ஆண்டவர் செய்ததை மட்டும் சொன்னால் பாதிப் பொய் சொன்னதாகிவிடும். மனம் துணிய எட்டு வருடம் ஆயிற்று.

1998 ஜூலை மாதம். புதன்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பதினைந்து பேர் உட்கார்ந்தால் அறை நிறைந்துவிடும். அன்றைக்கு செல்வி வந்திருந்தாள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவாள். புதன்கிழமையானால் எங்கள் கூட்டத்துக்கும் வந்து உட்காருவாள். ஏன் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்துகொண்டிருந்தாள். காண்டிராக்ட் வேலை. ஐந்து வருடமாக அதே கம்பெனி, அதே மேஜை.

யாருக்காவது ஜெபக் குறிப்பு உண்டா என்று கேட்டபோது செல்வி எழுந்து நின்றாள்.

"அக்கா, எம் பொண்ணு கவிதாவுக்காக வேண்டிக்கங்க. பதினோரு வயசு. நெஞ்சுல வால்வு சுருங்கிப் போச்சாம். பெரிய ஆஸ்பத்திரில சேத்து சரி பண்ணலன்னா புள்ள தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க சம்பளத்துல இன்சூரன்ஸுக்குன்னு மாசாமாசம் புடிக்கிறாங்களேன்னு அந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன். உன் சீட்டுல புள்ள பேரே இல்ல, நாங்க பாக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எங்களில் மூத்த சகோதரி ஒருவர், "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு ஒரு வாசலைத் திறந்தருளும்" என்று கண்ணீரோடு ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சீட்டில் கவிதாவின் பெயர் ஏன் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதாமல் விட்டவள் நான்.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன். செல்வியை வேலைக்கு அனுப்பிய காண்டிராக்டரின் ஆபீசில் நான் கிளார்க்காக இருந்தேன். அவர் பெயர் ஞானசேகர். அவரும் தமிழர், விசுவாசி, கண்டோன்மென்ட் பக்கம் வேறொரு சபையைச் சேர்ந்தவர். என் வீட்டுக்காரர் ஜெயராஜ் வேலை பார்த்த மில்லை மூடியபோது நாங்கள் ஒரு வருடம் மிகவும் கஷ்டப்பட்டோம். அப்போது என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு அரசாங்கக் காப்பீடு உண்டு. வேலைக்குச் சேரும்போது ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். மேலே வேலையாளின் பெயர். கீழே கட்டம் போட்டிருக்கும். அதில் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளின் பெயர், வயது எழுதி, குடும்ப போட்டோ ஒட்டி அனுப்பினால் மொத்தக் குடும்பத்துக்கும் கார்டு வரும். வைத்தியத்துக்கு ஒரு பைசா தரவேண்டியதில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்த ஆள் என்றால் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகச் சீட்டுத்தான். அது அந்த ஆளுக்கு மட்டும் செல்லும்.

எங்கள் ஆபீசில் என்ன செய்தோம் என்றால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வேலையை விட்டு நின்றதாகக் காட்டி, மறுநாளே புதிதாகச் சேர்ந்ததாக எழுதினோம். நீண்ட நாள் வேலை செய்கிறவர்கள் என்று தெரிந்தால் அவர்கள் நிரந்தர வேலை கேட்பார்கள் என்று ஞானசேகர் சாருக்குப் பயம். ஒவ்வொரு முறையும் புது ஃபாரம் எழுதுவது என் வேலை. குடும்பக் கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் குறுக்கே ஒரு கோடு போடுவேன். எத்தனை கோடு போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. செல்வி என்னை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. கவர்ன்மென்ட் ஆபீசில்தான் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைத்திருந்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆபீஸ் ஸ்டாஃப் என்பதால் எனக்கு முழுக் கார்டு இருந்தது. அதில் என் இரண்டு மகன்களின் பெயர்களும் இருந்தன. சின்னவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது அதே ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்தேன். குணமானதற்காக இதே சபையில் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுத்தேன்.

கவிதாவை நான் தினமும் பார்ப்பேன். அவளுக்குச் சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, முட்டி முட்டியாக வீங்கி, பிறகு அதுவாகவே சரியாகிவிட்டது. அந்தக் காய்ச்சல்தான் இருதயத்தைத் தாக்கியிருந்தது என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வருவாள். ஒருநாள் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது, என்னம்மா என்று கேட்டேன்.

"ஆறாங்கிளாஸை மாடிக்கு மாத்திட்டாங்க ஆன்ட்டி. பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே ஏற ஆரம்பிச்சிடுறேன். அப்பவும் லேட்டாயிடுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் உதடு லேசாக நீலம் பூத்திருந்தது.

நான் ஜெபம் செய்யாமல் இல்லை. விடியற்காலையில் எழுந்து முழங்காலில் நின்றேன். ஆனால் என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, வேறே ஏதாவது வழியில் இந்தப் பிள்ளைக்கு உதவி செய்யும்" என்று கேட்டேன். வேறே வழி. என் மேஜையைத் தொடாத வழி.

அந்த வழியையும் தேடிப் போனேன். போதகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, செல்வியையும் கவிதாவையும் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்கள். பிள்ளையைப் பார்த்தார்கள். ஆனால் இலவச சிகிச்சைக்கு வரிசை நீளம், அடுத்த வருடம்தான் முடியும் என்றார்கள். அங்கிருந்த நர்ஸம்மா செல்வியின் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குத்தான் காப்பீடு புடிக்கிறாங்களே, அதுல ஏன் போகல?" என்று கேட்டார். செல்வி என்னைப் பார்த்தாள். அக்கா படித்தவர், பதில் சொல்வார் என்று பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் சாரிடம் கேட்டேன்.

"சார், நம்ம பேக்கிங் செல்வியோட பொண்ணுக்கு ஹார்ட் ப்ராப்ளம். அவ ஃபாரத்துல மட்டும் ஃபேமிலி டீடெயில்ஸ் எழுதி அனுப்பலாமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒருத்திக்கு எழுதினா எல்லாருக்கும் எழுதணும் மெர்சி. எல்லாருக்கும் எழுதினா இவங்கெல்லாம் எத்தனை வருஷமா இருக்காங்கன்னு கேப்பாங்க. அப்புறம் நானும் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டே. அந்தப் பிள்ளை பேரு என்ன?"

"கவிதா சார்."

"நான் ஜெபம் பண்றேன்" என்றார். உண்மையாகவே செய்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர்தான்.

அன்று மாலை ஜெயராஜிடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் என்ன ஆகும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான்.

"வேலைய வுட்டுடுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா ஒண்ணு. ஒண்ணு நீ அந்தப் புள்ளைக்காக ஜெபம் பண்றத நிறுத்திடு. இல்லாட்டி அந்த ஃபாரத்த எழுது. ரெண்டும் பாதிப் பாதியா பண்ணாத. உன்னப் பாக்க சகிக்கல."

ஜெபத்தை நிறுத்த என்னால் முடியவில்லை. அதனால் செல்வியின் வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். உட்காராமலே சொன்னேன். கார்டில் பிள்ளையின் பெயர் விட்டுப்போகவில்லை, நாங்கள் வேண்டுமென்றே எழுதவில்லை, அந்தக் கோட்டைப் போட்டது என் கைதான் என்று சொன்னேன்.

அவள் கை தண்ணீரிலேயே நின்றது.

"நீங்களா அக்கா?"

"நான்தான்."

"என் கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தீங்களே. அந்த நர்ஸம்மா கேட்டப்பகூட பக்கத்துல நின்னீங்களே."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் காதில் விழுந்ததா தெரியாது. "போயிடுங்க அக்கா" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த இரண்டு புதன்கிழமையும் அவள் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனாள். என் ஜெபத்துக்குப் பதில் இதுதான் போலும் என்று நினைத்தேன். பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, நட்பும் போயிற்று.

மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் பதினோரு பெண்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் எங்கள் காண்டிராக்டில் பேக்கிங் வேலை செய்கிறவர்கள். நீலசந்திரா, ஆனேக்கல் என்று பல இடத்திலிருந்து வந்திருந்தார்கள். முன்னால் செல்வி.

"என் பொண்ணுக்கு மட்டும் எழுதச் சொல்லி நான் வரல" என்றாள். "இவங்க புள்ளைங்க பேரும் இல்ல. எங்க எல்லாருக்கும் எழுதுங்க. எப்படி எழுதறதுன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. என்னால் ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது, அதற்கு வந்தாள். அப்போது எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

போதகரிடம் கேட்டு ஞாயிறு மதியங்களில் சபையின் பின்பக்கக் கூடத்தை எடுத்துக்கொண்டோம். பதினோரு பேர் வந்த இடத்துக்கு அடுத்த வாரம் இருபது பேர் வந்தார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் இருந்தார்கள். வேலை சுலபமாக இல்லை. பாதிப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் வீட்டிலேயே பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் எழுதி வாங்கினோம், ஊருக்கு ஆள் அனுப்பினோம். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பெயர். "உங்க பையன் பேரு சரியா என்னம்மா?" என்று கேட்டால் அம்மாவே யோசிப்பார். தெருமுனை ஸ்டுடியோக்காரர் கேமராவோடு வந்து, சபைப் படிக்கட்டில் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்துப் படம் எடுத்தார். எங்கள் தெருவில் இருந்த சாந்தம்மா டீச்சர் கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்தார். நாற்பத்தொரு பிள்ளைகளின் பெயர் சேர்ந்தது.

ஆனால் நான் கூடத்தோடு நின்றுகொண்டேன். காப்பீட்டு அலுவலகத்துக்கு அவர்கள் இரண்டு முறை போனார்கள். இரண்டு முறையும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி நான் போகவில்லை. உண்மையில் நான் லீவே கேட்கவில்லை. அங்கே என்னை யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். இரண்டு முறையும் ஒரே பதில்தான். முதலாளி கையெழுத்து இல்லாமல் ஃபாரம் செல்லாது. ரெக்கார்டுப்படி இவர்கள் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பட்டியலில் ஷமீம் என்ற பெண் இருந்தாள். அவளுக்கு ஒரு மகளும், ஒன்றரை வயதில் இம்ரான் என்ற மகனும். இம்ரானுக்குச் சளி கட்டியது. சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்ததால் ஷமீம் காப்பீட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். நிமோனியாவாகிப் பிறகு கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நேரம் கடந்துவிட்டது. குழந்தை இறந்துவிட்டது.

ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொல்ல நிற்கிறேன். இம்ரானைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்காகவும் ஜெபித்தோம். ஆண்டவரிடம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு போட்டது நான். அதை ஆண்டவர் மேல் போட மாட்டேன்.

குழந்தையை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை, ஷமீம் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு வந்தாள். அவள் பெயரை எடுத்துவிடுவதா வேண்டாமா என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தோம்.

"எம் பேர வெட்டாதீங்க பாஜி" என்றாள் என்னிடம். அக்கா என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். "பெரியவ இருக்கா. அவ பேரு இருக்கட்டும்."

அடுத்த நாள் திங்கட்கிழமை. நான் லீவு கேட்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. அவர்களோடு பஸ் ஏறினேன்.

அந்த அலுவலக மேனேஜர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். சலித்துப்போயிருந்தார். "நோடி அம்மா, பாருங்க, எத்தனை தடவை வந்தாலும் நான் இதேதான் சொல்லணும். நீங்க அங்க வருஷக்கணக்கா வேலை செய்றதுக்கு என்ன ப்ரூஃப்?"

"அஞ்சு வருஷமா அங்கதான் சார் இருக்கேன்" என்றாள் செல்வி.

"நீங்க சொன்னா ஆச்சா? ரெக்கார்டு வேற சொல்லுதே."

நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் வந்தேன்.

"சார், அந்த ரெக்கார்டை எழுதினது நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் யார், எங்கே வேலை செய்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறது, பழைய வருகைப் பதிவேடுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். என்னை உட்காரச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"இதை எழுதிக் குடுத்தா நான் இன்ஸ்பெக்டரை அனுப்ப முடியும். ஆனா உங்க வேலை? நல்லா யோசனை பண்ணி எழுதுங்க."

ஐந்து நிமிடம் கேட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் குடிதண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று ஜெபித்தேன். என் வாழ்க்கையிலேயே நான் செய்த சின்ன ஜெபம் அதுதான். "ஆண்டவரே, கை நடுங்காமல் இருக்கட்டும்."

நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் எழுதி முடித்தேன். திரும்பிப் பார்த்தபோது செல்வி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என் தோளில் கை வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் வர மாதக்கணக்காகும் என்று மேனேஜரே சொல்லியிருந்தார். அவர் வியாழக்கிழமையே வந்துவிட்டார். எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சொன்ன அலமாரியைத் திறந்து பதிவேடுகளை எடுத்தார். சார் மறுக்கவில்லை. அன்று மாலைக்குள் எல்லா ஃபாரங்களிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கார்டு வரச் சில வாரம் ஆகும் என்பதால், கவிதாவை உடனே சேர்த்துக்கொள்ளும்படி மேனேஜர் வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் எழுதி, முத்திரை வைத்து செல்வியிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கவிதாவுக்கு மூச்சு முட்டியது. இருமினால் நுரையோடு ரத்தம் வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். அதே ஆஸ்பத்திரி, அதே கவுன்ட்டர். செல்வி அந்தக் கடிதத்தை நீட்டினாள். இரண்டே நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், உயிர் தங்கியது. டாக்டர் வெளியே வந்து, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

வியாழக்கிழமை அந்தக் கடிதம் கிடையாது. வெள்ளிக்கிழமை மாலைதான் அது செல்வி கைக்கு வந்தது. சனிக்கிழமை காலை அது தேவைப்பட்டது. இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன்.

உடம்பு தேறியதும் அங்கிருந்தே பெரிய இருதய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நெஞ்சைத் திறக்காமல், தொடையில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாக பலூன் அனுப்பி, சுருங்கிய வால்வை விரித்தார்கள். செல்வியும் ஷமீமும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஷமீம் ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தாள். தன் பிள்ளைக்குக் கிடைக்காதது இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டும் என்று தஸ்பீ மணியை உருட்டி ஓதிக்கொண்டிருந்தாள். அந்தப் பெஞ்சில் அவளைவிடப் பெரிய விசுவாசி யாரும் இல்லை.

மதியம் டாக்டர் வந்து கன்னடத்தில், "எல்லா சென்னாகிதெ அம்மா" என்றார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று. செல்வி தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். "மாரியம்மா, ஏசப்பா" என்று ஒரே மூச்சில் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். நான் அதைத் திருத்தவில்லை. ஆமென் என்றேன்.

என் வேலை போய்விட்டது. சார் கத்தவில்லை. "உனக்கு நான் என்ன குறை வெச்சேன் மெர்சி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். அது உண்மை. என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்து மாதம் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஜெயராஜ் ஒரு பட்டறையில் கிடைத்த வேலையைச் செய்தார். என் கார்டும் செல்லாமல் போனதால் அந்த நாட்களில் என் பிள்ளைகளுக்கும் காப்பீடு இல்லை. சின்னவன் இருமினால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஐந்து வருடம் இப்படித்தானே இந்தத் தாய்மார்கள் இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆண்டவர் அந்த ஐந்து மாதத்தைக் கொடுத்தாரோ என்னவோ. பட்டினி கிடக்கவில்லை. செல்வி தினமும் ஏதாவது ஒரு குழம்பைக் கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிறகு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

நாற்பத்தொரு பிள்ளைகள் என்று சொன்னேன். நாற்பது பேரின் பெயர்களும் கார்டில் ஏறின. ஷமீமின் மகள் பெயரும் ஏறியது.

இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் ஞானசேகர் சாரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு எப்படியிருக்கா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். "இப்பல்லாம் ஃபாரம் முழுசா நிரப்பித்தான் அனுப்புறேன். நான் பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்காகவும் ஜெபம் பண்ணு" என்றார். செய்துகொண்டிருக்கிறேன்.

கவிதாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒரு டிராவல்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இன்னும் பல வருடம் போட வேண்டும். நேரத்துக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறாள். முழு சுகமா என்றால் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாள், மாடிப்படி ஏறுகிறாள், அம்மாவோடு சண்டை போடுகிறாள்.

நான் மாறியது இதில்தான். முன்பெல்லாம் யாராவது ஜெபக் குறிப்பு சொன்னால் கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது கண்ணை மூடுவதற்கு முன்னால், "எந்தக் கம்பெனி? சம்பளச் சீட்டு இருக்கா? புள்ளைங்க எத்தனை?" என்று கேட்கிறேன். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும், தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, கூடத்தில் மேஜை போட்டு உட்காருகிறோம். செல்வி இப்போது என்னைவிட வேகமாக ஃபாரம் நிரப்புவாள். ஷமீம் அலுவலகத்துக்கு ஆட்களை அழைத்துப் போவாள். வீட்டு வேலை செய்கிறவர்கள், கட்டட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அவர்களுக்காகப் பல இடங்களுக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. ஜெபித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கிறோம்.

இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை என்று இருக்கலாம். கேட்க வெட்கமாக இருக்கலாம். அல்லது என்னைப் போல, உங்கள் கையால் செய்த ஒன்றைச் சொல்லப் பயமாக இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். நம்மைத் தலைகுனிய வைக்க அவர் காத்திருக்கவில்லை. இரண்டு மாதம் தாமதித்த என்னையே அவர் தள்ளிவிடவில்லை. சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். சான்றிதழ் இல்லையென்றாலும் பரவாயில்லை, போட்டோ இல்லையென்றாலும் பரவாயில்லை. எந்த சபை, எந்த மதம் என்று கேட்க மாட்டோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் அதன் பெயரை எழுதிக்கொள்கிறோம்.